என் குழியில் ஊறிய தண்ணீர்

ஜன்னலோரம் நீயே இரு மக்ளே. எனக்கு வெயில் ஆகாது. அதுவும் போக, இந்தப் பக்கம் இருந்தால்தான் முன்னால் இருக்கிற ஆளைப் பார்க்க முடியும். தெரிகிறதா? டிரைவருக்குப் பின் சீட்டு, ஊதாச் சட்டை. தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, உலகமே அவருக்குத் தாலாட்டுப் பாடுகிற மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் எங்கள் வீட்டுக்காரர்.

பக்கத்தில் ஏன் உட்காரவில்லை என்று கேட்பாய். கூப்பிட்டார். "இங்க வா, காத்து வரும்" என்று இடம்கூடப் போட்டு வைத்திருந்தார். நான்தான் வரமாட்டேன் என்றுவிட்டேன். இந்த மனுசன் இதே ரூட்டில் கண்டக்டராக இருந்தவர். அந்தக் காலத்தில் நான் இவர் வண்டியில் ஏறினால் என்ன செய்வார் தெரியுமா? "உள்ள போ, உள்ள போ, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்காத." எல்லாரையும் விரட்டுகிற மாதிரி என்னையும் விரட்டுவார். வயிற்றில் பிள்ளையோடு நின்றிருக்கிறேன். யாரோ ஒரு கீரைக்காரி எழுந்து இடம் தந்தாள். இவர் இல்லை. இப்போது ரிட்டயராகி, ஞானம் வந்து, எனக்குக் காற்று வருகிற இடம் பார்க்கிறாராம்.

தண்ணியா? வேண்டாம் மக்ளே, நீ குடி. எனக்குத் தாகமே எடுக்காது. விரதம் இருந்து இருந்து உடம்பு அப்படிப் பழகிவிட்டது.

எனக்குப் பொறாமை என்று என் மகள் உமையாள் சொல்கிறாள். பெற்ற தாயைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது? நீ அந்நியப் பெண். நீயே கேட்டுவிட்டுச் சொல்.

நான் யார் என்று எங்கள் தெருவில் வந்து விசாரி. வடிவு என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, பிரதோசம் ஒன்று தவறியது கிடையாது. திருவாசக முற்றோதல் குழுவில் முதல் குரல் என் குரல். விளக்குப் பூஜை என்றால் நான் வந்த பிறகுதான் திரி போடுவார்கள். இவர்? நான் மணியடித்தால் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு, "ஏட்டி, உன் சாமிக்குக் காது மந்தமா? அந்த அடி அடிக்கியே" என்பார். விபூதியை நீட்டினால், "பவுடர் ஏற்கனவே போட்டாச்சு" என்பார். இதைக் கேட்டுக் கேட்டு நான் சாமியிடம் இவருக்காகவும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஞாபகம் வைத்துக்கொள். இவருக்காகவும் சேர்த்து.

சரி, ஒன்றை மறைக்கக் கூடாது. உமையாள் கல்யாணமாகிப் போனதிலிருந்து எனக்குள்ளே என்னமோ வற்றிப் போய்விட்டது. வாய் பாட்டுக்குப் பதிகம் சொல்லும். கை பாட்டுக்குப் பூப்போடும். நெஞ்சில் ஒன்றும் இருக்காது. முன்னெல்லாம் கற்பூரம் காட்டும்போது கண் நிறையும். இப்போது, பால் பொங்குதா என்று அடுக்களையை எட்டிப் பார்க்கத் தோன்றும். யாரிடம் சொல்ல? முதல் குரல்காரி போய், எனக்குள்ளே ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியுமா?

அதனால்தான் சித்திரை லீவுக்கு மகளும் மருமகனும் வந்தபோது, தேரிக்குப் போவோம் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். மருமகன் தங்கப்பழம் பெங்களூரில் வேலை. கொடைக்கானலில் ரூம்கூடப் பார்த்து வைத்திருந்தார். "அத்தை, லீவுக்கு யாராவது பாலைவனத்துக்குப் போவாங்களா?" என்றார். "மாப்ளே, நம்ம சாஸ்தா அங்கதான உக்காந்திருக்காரு. அவரு கொடைக்கானல் போனா நாமளும் போவோம்" என்றேன். வேன் பேசினோம். கொழுந்தன் குடும்பமும் சேர்ந்துகொண்டது. இவர், "மணலு திங்க நான் வரல" என்று சொல்லிவிட்டு, புறப்படுகிற அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் வேனில் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தேரி பார்த்திருக்கிறாயா நீ? இந்தப் பக்கத்துப் பெண்தானா? பார்த்ததில்லையா! கண்ணுக்கு எட்டின மட்டும் செக்கச்செவேலென்று மணல். செங்கல்லை அரைத்துக் கொட்டின மாதிரி. அங்கங்கே பனை, முந்திரி. காற்றடித்தால் மேடு நகர்ந்துபோகும். போன வருசம் ஏறின மேடு இந்த வருசம் அங்கே இருக்காது. அதற்கு நடுவில் மணலேறும் சாஸ்தா, கூரையில்லாமல்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சாமிக்குப் பொங்கலிடக் குழாய்த் தண்ணி ஆகாது. கோயிலுக்குப் பின்னால் இரண்டு மேட்டுக்கு நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு குடும்பமும் மணலைத் தோண்டித் தண்ணி எடுக்க வேண்டும். கையால்தான் தோண்டலாம். மண்வெட்டி, கொத்து, ஒரு சிரட்டைகூடக் கூடாது. குடும்பத்தில் யார் கையில் ஊற்று திறக்கிறதோ அவர் அந்த வருசத்துக்கு ஊத்துக்கை. அவர் கையால் அள்ளிக் கொடுத்துத்தான் மற்ற எல்லாரும் குடிக்க வேண்டும். எல்லாரும் குடித்த பிறகுதான் அவர் குடிக்கலாம்.

பூசாரி இதைச் சொல்லிவிட்டு இவரைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணாச்சிக்குப் புரிஞ்சிருக்கும். கண்டக்டர் வேலைதான். எல்லாரும் ஏறுன பொறவுதான் விசில்." சுற்றி இருந்த எல்லாரும் சிரித்தார்கள். இவர் மட்டும், "அப்ப ஊத்துக்கைக்கு பேட்டா உண்டா?" என்று கேட்டார். சாமி சந்நிதியில், மக்ளே! பேட்டா!

மறுநாள் விடிந்ததும், மணல் சுடுவதற்கு முன்னால், நாங்கள் பள்ளத்தில் இறங்கினோம். நான் வெறும் வயிறு. ஈரத்தலை. அந்தத் தண்ணி என் கையில்தான் திறக்கும் என்று எனக்கு ஒரு நிச்சயம். வேறு யார் இருக்கிறார்கள் எங்கள் வீட்டில்? உமையாள் போன் பார்த்துக்கொண்டே தோண்டினாள். மாப்பிள்ளை சாதம் பிசைகிற மாதிரி நாலு விரலால் கிண்டினார். இவர் குடையை விரித்து மேட்டில் உட்கார்ந்துகொண்டார்.

நான் தோண்டினேன். தேரி மணலைத் தோண்டுவது என்றால் லேசில்லை. ஒரு கை அள்ளினால் அரைக்கை திரும்பச் சரியும். சரியச் சரிய அள்ளினேன். முழங்கை வரை போனது. பிறகு தோள் வரை. குப்புறப் படுத்துக்கொண்டு அள்ளினேன். நகம் ஒன்று பிய்ந்தது. அடி மணல் ஈரமாகத்தான் வந்தது. ஆனால் தண்ணி வரவில்லை. சாஸ்தாவே, உனக்கே நியாயமா என்று வாய்விட்டுக் கேட்டேன். அப்போது பார்த்து, பக்கத்தில் ஏதோ ஒரு குடும்பம், யாரென்றே தெரியாது, குலவை போடுகிறது. அவர்களுக்குத் திறந்துவிட்டது. அட, இடம்தான் கோளாறு, ஊற்று அந்தப் பக்கம் ஓடுகிறது என்று நினைத்து, என் குழியை விட்டுவிட்டு எழுந்து போய் அவர்கள் பக்கத்தில் புதுக்குழி போட்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே செய்வார்கள்? நீயாக இருந்தால்?

இதற்குள் வெயில் ஏறிவிட்டது. மேட்டு மணல் சுட ஆரம்பித்ததும் இவர் இறங்கி வந்தார். சாமி கும்பிட இல்லை. என் பழைய குழியில் ஈர மணல் இருந்ததல்லவா, கால் எரிகிறது என்று காலை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குழியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். என் கைவிரல் பதிந்த தடம் அப்படியே வரிவரியாக இருந்திருக்கும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, ஒரு கை மணல் அள்ளி வெளியே போட்டார். இன்னொரு கை.

திறந்துவிட்டது.

"வடிவு!" என்று ஒரு சத்தம். "ஏ வடிவு! உன் குழி ஊறுது! வடிவு!"

என்னை இவர் பேர் சொல்லிக் கூப்பிட்டது எப்போது என்று எனக்கு நினைவே இல்லை. ஏட்டிதான் எப்போதும். அன்றைக்கு அத்தனை சனத்துக்கு நடுவில் பேர் சொல்லி, உன் குழி உன் குழி என்று ஊருக்கே தண்டோரா போட்டார். பார்த்தாயா? நான் விட்டுவிட்டுப் போனது எல்லாருக்கும் தெரியட்டும் என்றுதானே? போய்ப் பார்த்தேன். பனைநுங்கு மாதிரி தெளிந்த தண்ணி, அடியில் கண் திறந்து திறந்து மூடுகிறது. இவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறார். அழுகிறார், மக்ளே. அவர் அம்மா செத்தபோதுகூட அழாத ஆள்.

பூசாரி வந்து, "அண்ணாச்சி, நீங்கதான் ஊத்துக்கை" என்று மாலை போட வந்தார். இவர் தலையைக் குனியவில்லை. "நான் என்னய்யா செஞ்சேன்? கடைசில ரெண்டு கை அள்ளுனேன். அம்புட்டும் அவ தோண்டுனது. இம்புட்டு நாளும் இப்படித்தான் இருந்திருக்கு. நான் பாக்கல" என்றார். பூசாரி, யார் கையில் திறக்குதோ அவங்கதான், சாமி கணக்கு அது என்று சொல்லி மாலையைப் போட்டுவிட்டார். இந்தப் பவ்யம் எல்லாம் எனக்குத் தெரியாதா? பரிசு வாங்குகிறவன் கூச்சப்படுகிற மாதிரி. எனக்கு உச்சந்தலை எரிந்தது.

இரு கைக் குழியிலும் தண்ணியை ஏந்திக்கொண்டு முதலில் என்னிடம்தான் வந்தார். "வடிவு, நீ முதல்ல."

"நான் விரதம். பூசை முடியாம பல்லுல தண்ணி படாது" என்றேன்.

உமையாள் குடித்தாள். மாப்பிள்ளை குடித்துவிட்டு, "மாமா, இதை பாட்டில்ல அடைச்சு விக்கலாம்" என்றார். கொழுந்தன் வீட்டில் எல்லாரும் குடித்தார்கள். பொங்கல் இறக்கி, பூசை முடிந்து, திரும்பவும் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். மணலில் நடந்து வருகிறார், விரலிடுக்கில் ஒழுகுகிறது, முகத்தைப் பார்த்தால்... அந்த முகத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கழுவி வைத்த வெண்கலம் மாதிரி. அது எனக்கு வர வேண்டிய முகம் மக்ளே. நான் எத்தனை காலம் கேட்டு, பட்டினி கிடந்து, தொண்டை கட்டப் பாடிக் காத்திருந்த முகம். கேட்காத ஆளுக்குக் கொண்டுபோய் ஒட்டிவிட்டார் சாஸ்தா.

"எனக்குத் தாகமில்ல" என்றேன்.

அப்படியே நின்றார். தண்ணி முழுக்க ஒழுகித் தீர்கிற மட்டும் நின்றார். பிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். இவரும் குடிக்கவில்லை. அந்த வெயிலில், தன் கையில் திறந்த தண்ணியை ஒரு வாய் குடிக்கவில்லை. அதிலும் ஒரு திமிர் பார்.

வீட்டுக்கு வந்த பிறகு கூத்து இன்னும் அதிகம். காலையில் எனக்கு முன்னால் எழுந்து காப்பி போட்டு வைக்கிறார். என் அடுக்களை! டிகாஷன் கழுநீர் மாதிரி இருக்கும், அது வேறு விசயம். சாப்பிட உட்கார்ந்தால், நான் உட்காருகிற மட்டும் தட்டைத் தொடுவதில்லை. நான் முதல் வாய் வைத்ததும்தான் இவர் கை தட்டுக்குப் போகிறது. பக்கத்தில் ஒருவர் காவல் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தால் சோறு இறங்குமா? கேட்டால், "நீ சாப்பிடு முதல்ல" என்கிறார்.

பூசையறைக்கு வருகிறார். என் மணையில் உட்காரவில்லை, அந்த மட்டும் விவரம் இருக்கிறது. கதவோரம், எனக்குப் பின்னால், தரையில். கண்ணை மூடிக்கொண்டு முணுமுணு என்று என்னமோ சொல்கிறார். என்ன மந்திரம், யார் சொல்லிக் கொடுத்தது? ஒருநாள் பூப்பறிக்கப் போகிற மாதிரிப் போய்த் திரும்பி வந்து கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். என்ன சொல்கிறார் தெரியுமா? "வடிவு... வடிவு..." என் பேர்! சாமி முன்னால் உட்கார்ந்து என் மேல் கோள் சொல்கிறார் மக்ளே. இவளை வைத்துக்கொண்டு என்ன பாடுபட்டேன் என்று சொல்லுவாராக இருக்கும்.

உச்சம் இன்னும் கேள். எங்கள் முற்றோதல் குழுவில், என் குழுவில், இவரைக் கூப்பிட்டார்கள். "அண்ணாச்சிக்குத் தேரியில அனுபவம் கிடைச்சிச்சாமே, வந்து ரெண்டு வார்த்தை சொல்லணும்." நான் இத்தனை வருசம் பாடியிருக்கிறேன். என்னை ஒருத்தர் கேட்டதுண்டா, வடிவக்கா உனக்கு அனுபவம் உண்டா என்று? இவர் எழுந்து நின்றார். ஊதாச் சட்டை. அன்றைக்கும் இதே சட்டைதான். "நான் ஒண்ணும் செய்யல. வடிவு தோண்டுனா. நான் காலை நீட்டி உக்காந்திருந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் பேச்சு. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பரிதாபம், வேறென்ன.

அன்றிலிருந்து ஆளுக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. வாரம் தவறினாலும் தேரிப் பயணம் தவறாது. தனியாக பஸ் ஏறிப்போய், சாயங்காலம் சிவந்த காலோடு வருவார். திண்ணையைக்கூட நான் கழுவி முடித்திருக்க மாட்டேன், செம்மண் தடம் போட்டுக்கொண்டு உள்ளே வருவார். "அங்க போயி என்னதான் செய்யுதீக?" என்று கேட்டேன்.

"காத்து மணலைத் தள்ளிருது வடிவு. குழி தூந்துபோவும்லா. அள்ளிப் போட்டுட்டு வாரேன்."

"போவும்போதெல்லாம் அந்தத் தண்ணியக் குடிச்சுக் கும்மாளமோ?"

"குடிக்கல. இன்னும் இல்ல."

இன்னும் இல்லையாம். கலெக்டர் உத்தரவுக்குக் காத்திருக்கிற மாதிரி.

அதுதான் இன்றைக்குக் கிளம்பினேன். நேற்று வந்து அடுக்களை வாசலில் நின்றார். "ஆடிக் காத்து வரப்போவுது. அதுக்குப் பொறவு அந்தப் பள்ளமே இருக்காது, மேடு நகர்ந்து வந்து மூடிரும். ஒரு தடவ வாயேன்" என்றார். சரி என்றேன். முகத்தைப் பார்க்கணுமே அப்போது! எனக்காக வருகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் என் காரியமாகப் போகிறேன். என் குழியை நானே தோண்டப் போகிறேன், இவர் குழிக்கு எட்டத்தில், மேட்டுக்கு அந்தப்புறம். இப்போது விசேசமில்லை, பூசாரி இருக்க மாட்டார். இதோ பார், மடியில் துண்டுக்குள்ளே. களைக்கொத்து. புதுசு, முனை பட்டுக்கொள்ளாதே. கையால்தான் தோண்டணும் என்பதெல்லாம் கூட்டத்துக்கு வைத்த சட்டம். சாமிக்குக் கை என்ன, கொத்து என்ன? தண்ணி வந்தால் சரி. என் தண்ணியை நானே அள்ளிக் குடித்துவிட்டு, இவர் முன்னால் வந்து நிற்பேன். அப்போது தெரியும்.

என்ன மக்ளே? என்ன கேட்டாய்? பஸ் இரைச்சலில் காதில் விழவில்லை.

அவர் இன்னும் குடிக்கவில்லையா என்றா?

இல்லை. அதான் சொன்னேனே, திமிர். குடிக்காமல்... பூசாரி சொன்னது அப்படி. எல்லாரும் குடித்த பிறகுதான் ஊத்துக்கை. உமையாள் குடித்தாள். மாப்பிள்ளை குடித்தார். கொழுந்தன், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள். எல்லாரும் குடித்தாயிற்று. வேறு யார்...

...

அந்த ஜன்னலைக் கொஞ்சம் மேலே தூக்கு. புழுக்கமாக இருக்கிறது. தூக்க வரவில்லையா? சரி, விடு.

வெயில் காலம் முழுக்க, மக்ளே. சித்திரையில் போனது. அந்தச் சூட்டில் வாராவாரம் போய் மணலை அள்ளியிருக்கிறார். பக்கத்தில் தண்ணி கிடக்கிறது. வீட்டிலிருந்து சொம்பு எடுத்துப் போகிறாரா என்றுகூட நான் பார்த்ததில்லை.

ஒன்றும் சொல்லாதே. நீ ஒன்றும் சொல்லாதே. கண்ணில் தூசி.

அதோ, விசில். சுனைவிளை விலக்கு. இங்கேதான் இறங்கணும். பார், எழுந்து படிக்கட்டுப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். இறங்கினாரா பார். மாட்டார். எல்லாரும் இறங்கட்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ரிட்டயர் ஆனாலும் கண்டக்டர் புத்தி போகவில்லை. என்னைத்தான் பார்க்கிறார். வருகிறேன், வருகிறேன், பஸ் போய்விடாது!

இந்தா, இதை நீ வைத்துக்கொள். கொத்துதான். உன் அம்மா வீட்டில் பூச்செடி இருக்கும் என்றாயே, அதற்கு ஆகும். எனக்கு என்னத்துக்கு, இந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு மணலில் நடக்க முடியாது. வாங்கிக்கொள் என்கிறேன்.

வழி விடு. செருப்பு எங்கே... ஆங்.

தண்ணியா? இல்லை மக்ளே, பாட்டிலை மூடு. நாக்கெல்லாம் வறண்டு கிடக்கிறதுதான். ஆனாலும் இப்போது வேண்டாம். கொஞ்ச தூரம்தான் நடை.